உதவும் கரங்கள் பல, கடிவாளம் யாரிடம்?

புதுதில்லி: அமெரிக்காவின் சர்வதேச வளர்ச்சி முகமையான 'யு.எஸ்.எய்ட்' 2025-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதியுடன் தனி அமைப்பாகச் செயல்படுவதை நிறுத்திக்கொண்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக உலகின் மிகப்பெரிய உதவி முகமையாக விளங்கிய அந்த அமைப்பின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து செய்யப்பட்டு, எஞ்சியவை அமெரிக்க வெளியுறவுத் துறையுடன் இணைக்கப்பட்டன.

இந்தியாவில் இதையொட்டி எழுந்த விவாதம் முழுவதும் ஒரே ஒரு தொகையைச் சுற்றியே நடந்தது. இந்தியாவில் வாக்குப்பதிவை அதிகரிக்க 2.1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டதாக 2025 பிப்ரவரியில் வாஷிங்டனில் இருந்து வந்த அறிவிப்பே அதற்குக் காரணம். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சிகளும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. அவ்வாறு எந்த நிதியும் வழங்கப்படவில்லை என அமெரிக்கத் தூதரகம் தெரிவித்திருப்பதாக வெளியுறவு அமைச்சகம் பின்னர் நாடாளுமன்றத்தில் கூறியது. அத்துடன் விவாதம் அடங்கிவிட்டது.

ஆனால், மத்திய நிதி அமைச்சகத்தின் 2023-24-ஆம் ஆண்டறிக்கை வேறொரு கணக்கைச் சொல்கிறது. 75 கோடி டாலர் மதிப்பிலான ஏழு திட்டங்கள் மத்திய அரசின் பங்கேற்புடன் அப்போது நடைபெற்றுக்கொண்டிருந்தன. வேளாண்மை, குடிநீர், சுகாதாரம், மரபுசாரா எரிசக்தி, பேரிடர் மேலாண்மை, வனம் ஆகிய துறைகள் அவற்றில் அடங்கும். அந்த ஒரு நிதியாண்டில் மட்டும் சுமார் 9.7 கோடி டாலருக்கு உறுதி அளிக்கப்பட்டிருந்தது. அந்தத் திட்டங்களில் பணியாற்றியவர்கள் என்ன ஆனார்கள், திரட்டிய தகவல்கள் யார் வசம் போயின, பாதியில் நின்ற பணிகளை எந்தத் துறை ஏற்றுக்கொண்டது என்ற கேள்விகளை எந்தக் கட்சியும் உரக்க எழுப்பவில்லை.

இந்த மௌனம்தான் கவனிக்க வேண்டிய ஒன்று. வெளிநாட்டு உதவி என்றதும் 'எவ்வளவு பணம்', 'யாருடைய பணம்' என்ற இரண்டு கேள்விகள் மட்டுமே நம் அரசியலில் எழுகின்றன. கொடுப்பவர், வாங்குபவர், களத்தில் வேலை செய்பவர் ஆகிய மூவரும் எப்படி இணைந்து செயல்படுகிறார்கள் என்ற மூன்றாவது கேள்வி எழுவதே இல்லை. உதவி பலன் தருவதும் வீணாவதும் பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்வியைப் பொறுத்தே அமைகிறது.

1958-இல் தொடங்கிய கதை

உதவி தரும் நாடுகளை ஒரே மேசையில் அமர வைக்கும் முயற்சி உலகில் முதன்முதலாக இந்தியாவுக்காகவே தொடங்கியது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அன்னியச் செலாவணி கரைந்தபோது, 1958 ஆகஸ்டில் உலக வங்கி 'இந்திய உதவிக் கூட்டமைப்பை' கூட்டியது. அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, ஜப்பான், கனடா ஆகியவை அதில் இடம்பெற்றன. பின்னாளில் பல நாடுகளுக்காக அமைக்கப்பட்ட இத்தகைய குழுக்களுக்கு அதுவே முன்மாதிரி.

ஆனால், கொடுப்பவர்கள் ஒன்று சேர்வதும், வாங்குபவருடன் ஒத்துழைப்பதும் ஒன்றல்ல என்பதை அடுத்த எட்டே ஆண்டுகளில் தில்லி உணர்ந்தது. இரண்டு போர்கள், தொடர்ந்த வறட்சி ஆகியவற்றால் நாடு தவித்த நேரத்தில், உலக வங்கியும் அமெரிக்காவும் ரூபாயின் மதிப்பைக் குறைக்க வலியுறுத்தின. 1966 ஜூன் 6-ஆம் தேதி டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்த மதிப்பு 7.50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அதற்கு ஈடாக எதிர்பார்க்கப்பட்ட ஆண்டுக்கு சுமார் 90 கோடி டாலர் உதவியோ நீடிக்கவில்லை. அதே காலத்தில், பி.எல். 480 திட்டத்தின் கீழ் வந்த கோதுமையை அமெரிக்க அதிபர் ஜான்சன் மாதக் கணக்கில் அளந்து அளந்து அனுப்பினார்.

பசியோடு இருப்பவன் பேரம் பேச முடியாது என்ற அந்த அனுபவம் தில்லியின் நினைவில் ஆழமாகப் பதிந்துவிட்டது. பசுமைப் புரட்சிக்கு உந்துதல் தந்ததும், வெளிநாட்டு உதவி மீது நீங்காத ஐயத்தை விதைத்ததும் அதே அனுபவம்தான்.

ஏன் இந்தச் சிக்கல்?

உதவி தரும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி நாடாளுமன்றம், தனித்தனி தணிக்கை, தனித்தனி நிதியாண்டு உண்டு. தங்கள் வரிப்பணம் எங்கே போனது என்பதைத் தங்கள் மக்களுக்குக் காட்டியாக வேண்டிய கட்டாயமும் உண்டு. எனவே ஒவ்வொருவரும் தனி அறிக்கை, தனி ஆய்வுக்குழு, தனி வங்கிக் கணக்கு கேட்கிறார்கள். பெறும் நாட்டின் சுகாதாரத் துறைச் செயலாளர் மருத்துவமனைகளைப் பார்வையிடுவதை விட்டுவிட்டு, வந்து போகும் தூதுக்குழுக்களைச் சந்திப்பதிலேயே காலத்தைக் கழிக்க நேரிடுகிறது. மாவட்ட அளவிலோ ஒரே செவிலியர் ஐந்து பதிவேடுகளில் ஒரே குழந்தையின் பெயரை ஐந்து முறை எழுதுகிறார்.

2005-ஆம் ஆண்டு மார்ச்சில் பாரீசில் கூடிய நாடுகள் இதை ஒப்புக்கொண்டன. திட்டத்தின் உரிமை பெறும் நாட்டுக்கே, அந்நாட்டின் நடைமுறைகளையே பின்பற்றுவது, கொடுப்பவர்கள் தங்களுக்குள் ஒத்திசைவது, பலனை அளப்பது, இரு தரப்பும் பொறுப்பேற்பது என ஐந்து கொள்கைகள் அங்கே ஏற்கப்பட்டன. ஏட்டில் எழுதியது எளிது. நடைமுறைக்கு வந்ததோ மிகக் கொஞ்சம்.

பாரீசுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்தியா தன் வழியில் ஒரு முடிவெடுத்தது. 2003-இல், நிதி அமைச்சராக இருந்த ஜஸ்வந்த் சிங், சிறிய அளவில் உதவி தரும் நாடுகளிடம் இருந்து இனி அரசுக்கு நேரடி உதவி வேண்டாம் என்று அறிவித்தார். 22 நாடுகளுக்கு விடை கொடுக்கப்பட்டது. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி, ரஷியா, ஐரோப்பிய யூனியன் ஆகியவை மட்டும் நீடித்தன. சுயமரியாதை முழக்கமாக அது பார்க்கப்பட்டாலும், சிறு தொகைக்காகப் பெரும் நிர்வாகச் சுமையைச் சுமக்க வேண்டியதில்லை என்ற கணக்கும் அதில் இருந்தது. 2004-இல் ஆட்சி மாறிய பின் விதி சற்றுத் தளர்ந்தது. ஜி-8 நாடுகள் அனைத்தும் அனுமதிக்கப்பட்டன. பிற ஐரோப்பிய யூனியன் நாடுகள் ஆண்டுக்குக் குறைந்தது 2.5 கோடி டாலர் தந்தால் மட்டுமே ஏற்கப்படும் என்று வரையறுக்கப்பட்டது. ஆனால், தன்னார்வ அமைப்புகள் வழியாக எவரும் உதவலாம் என்ற கதவு திறந்தே இருந்தது. இன்றைய சிக்கலின் வேர் அந்தக் கதவில்தான் இருக்கிறது.

பலன் கண்ட முயற்சிகள்

ஒத்துழைப்பு சாத்தியமே இல்லை என்று சொல்ல முடியாது. 1994-இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு உலக வங்கி, ஐரோப்பிய ஆணையம், பிரிட்டன், நெதர்லாந்து, யூனிசெப் எனப் பல தரப்பும் நிதி தந்தன. தருமபுரி, திருவண்ணாமலை உள்ளிட்ட தமிழக மாவட்டங்களும் அதில் இடம்பெற்றன. தனித்தனிக் குழுக்களாக வராமல், அனைவரும் சேர்ந்து ஆண்டுக்கு இரு முறை கூட்டு ஆய்வுக்குழுவாக வர வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. அனைவருக்கும் கல்வித் திட்டத்திலும் அதே முறை தொடர்ந்தது. அங்கே வெளியார் பணம் மொத்தச் செலவில் சிறு பகுதியே. பெரும்பகுதி மத்திய, மாநில அரசுகளுடையது. அதனால்தான் விதியை வகுக்கும் உரிமையும் தில்லியிடம் இருந்தது.

இளம்பிள்ளைவாத ஒழிப்பு இன்னும் பெரிய எடுத்துக்காட்டு. 2009-இல் இந்தியாவில் 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 2010-இல் அது 42 ஆகக் குறைந்தது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் பதிவானதே கடைசி. 2014 மார்ச் 27-ஆம் தேதி இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்றளிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம், யூனிசெப், ரோட்டரி சங்கம், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கேட்ஸ் அறக்கட்டளை ஆகிய அனைத்தும் களத்தில் இருந்தன. ஆயினும் 1997-இல் உருவான தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டத்தின் எண்களையே எல்லோரும் ஏற்றனர். உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் சொட்டு மருந்து மீது சந்தேகம் பரவியபோது, யூனிசெப், ரோட்டரி, தன்னார்வ அமைப்புகள் ஆகியவை தெருக்களைப் பங்கிட்டுக்கொண்டு வீடு வீடாகச் சென்றன. ஒரே வரைபடம், ஒரே பட்டியல், ஒரே தேதி. இதுவே வெற்றியின் சூத்திரம்.

எய்ட்ஸ் தடுப்பில் பாடம் சற்றுத் தாமதமாக வந்தது. கேட்ஸ் அறக்கட்டளை 2003-இல் 'ஆவஹான்' திட்டத்தைத் தமிழகம் உள்பட ஆறு மாநிலங்களில் தொடங்கியபோது, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் பணிகளுக்கு இணையாகத் தனிப் பாதையில் அது ஓடியது. செலவு விகிதம் வேறு, பதிவேடு வேறு. 2007-இல் தொடங்கிய மூன்றாம் கட்டத் தேசியத் திட்டம் 'ஒரே செயல்திட்டம், ஒரே ஒருங்கிணைப்பு அமைப்பு, ஒரே கண்காணிப்பு முறை' என்ற கொள்கையை வலியுறுத்தியது. அதன்பின், 2009 முதல் படிப்படியாக ஆவஹான் பணிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. முதலில் 10 சதவீதம், பிறகு 20, இறுதியில் 70 என்று ஒப்படைப்புக்கே ஆண்டுகள் பிடித்தன. 2025-இல் யு.எஸ்.எய்ட் திட்டங்கள் சில வாரங்களில் நின்றுபோனதையும் இதையும் ஒப்பிட்டால், திட்டமிட்ட விலகலுக்கும் திடீர் விலகலுக்கும் உள்ள தூரம் புரியும்.

பேரிடர் நேரத்தில்...

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி தாக்கியபோது, வெளிநாட்டு அரசுகளின் நிவாரண உதவியை இந்தியா ஏற்க மறுத்தது. அதேநேரம் இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா ஆகியவற்றுக்குத் தன் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. பின்னர் மறுசீரமைப்புக்கு மட்டும் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடன் பெறப்பட்டது. உலக வங்கியின் பங்கு 46.5 கோடி டாலர்.

அரசு மறுத்தாலும் தன்னார்வ அமைப்புகள் மறுக்கவில்லை. நாட்டிலேயே அதிக உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டங்களில் ஒன்றான நாகப்பட்டினத்தில் நூற்றுக்கணக்கான அமைப்புகள் குவிந்தன. சாலையோரக் கிராமங்களில் துணிகள் மலைபோல் சேர்ந்தன. உட்புறக் கிராமங்களில் அரிசிகூட இல்லை. மீனவர் சங்கங்களுடன் பணியாற்றிய உள்ளூர் அமைப்புகள் மாவட்ட நிர்வாகத்தின் துணையுடன் ஒரு சில நாட்களிலேயே ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கின. எந்தக் கிராமத்துக்கு என்ன தேவை, எந்த அமைப்பு எங்கே என்ற பட்டியல் ஒரே இடத்தில் கிடைத்தது. மையத்தை நடத்தியவர்கள் அந்தக் கரையோர மக்களை ஏற்கெனவே அறிந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பெரும் பணத்தைவிட அந்தப் பழக்கமே அங்கு உதவியது.

2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது நிலைமை வேறாக இருந்தது. ஐக்கிய அரபு அமீரகம் உதவ முன்வந்ததாகக் கேரள அரசு கூறியது. உள்நாட்டு முயற்சியின் மூலமே தேவைகள் நிறைவேற்றப்படும் என்று கூறி, வெளிநாட்டு அரசுகளின் நிதியை ஏற்க மத்திய அரசு மறுத்துவிட்டது. ஆனால், 2016-இல் வெளியான தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டம், உதவி கோர மாட்டோம் என்று சொல்லும் அதே இடத்தில், வேறொரு நாடு தானாக முன்வந்து நல்லெண்ணத்துடன் தந்தால் ஏற்கலாம் என்றும் சொல்கிறது. ஏட்டில் உள்ள விதிக்கும் எடுத்த முடிவுக்கும் இடையே முரண்பாடு இருந்ததாகத் திருவனந்தபுரம் கருதியதில் வியப்பில்லை. 2025-இல் மகாராஷ்டிர முதல்வர் நிவாரண நிதிக்கு வெளிநாட்டு நன்கொடை பெற மத்திய அரசு அனுமதி வழங்கியபோது, கேரளத்தில் அந்தப் பழைய கசப்பு மீண்டும் கிளறப்பட்டது.

இடையில், 2021 ஏப்ரலில் கரோனா இரண்டாம் அலை அந்தக் கொள்கையையே புரட்டிப் போட்டது. 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் உதவியைத் தில்லி ஏற்றது. ஆக்சிஜன் செறிவூட்டிகள் ஏப்ரல் இறுதியில் விமான நிலையங்களில் வந்து இறங்கின. அவற்றை மாநிலங்களுக்குப் பிரித்தளிக்கும் நடைமுறை விதிகளோ மே 2-ஆம் தேதிதான் தயாராயின. மூச்சுக்கு நோயாளிகள் போராடிய நாட்களில் அந்தச் சில நாட்களின் விலை என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெற மாட்டோம் என்று பதினாறு ஆண்டுகள் இருந்த நாட்டிடம், பெற்றால் எப்படிப் பகிர்வது என்ற ஏற்பாடே இல்லாமல் போனது.

சட்டத்தின் முடிச்சு

களத்தில் ஒத்துழைப்பை இப்போது பெரிதும் தீர்மானிப்பது வெளிநாட்டு நிதிப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல் பிறந்த இச்சட்டம் 2010-இல் புதிதாக இயற்றப்பட்டு, 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின்படி, வெளிநாட்டு நிதி பெறும் ஓர் அமைப்பு அதில் ஒரு ரூபாயைக்கூட வேறோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. இருவருமே பதிவு பெற்றவர்களாக இருந்தாலும் அனுமதி இல்லை. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்தில் இருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. நாட்டின் எந்த மூலையில் உள்ள அமைப்பும் தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையிலேயே கணக்கு தொடங்க வேண்டும் என்றானது.

அரசின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பணம் கை மாறிக் கை மாறிச் செல்லும்போது யார் எதற்குச் செலவிட்டார்கள் என்பது மறைந்துவிடுகிறது. ஒவ்வோர் அடுக்கிலும் நிர்வாகச் செலவு என்ற பெயரில் ஒரு பங்கு கரைகிறது. உள்நாட்டு அரசியலில் வெளியார் தலையிட அது வழியாகிறது என்பவை அதன் காரணங்கள். வெளிநாட்டு நன்கொடை பெறுவது எவருக்கும் முழுமுதல் உரிமை ஆகாது என்று கூறி, 2022 ஏப்ரல் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் இத்திருத்தங்களை ஏற்றுக்கொண்டது.

ஆனால், விளைவு என்ன? பெருநகரில் அலுவலகம் வைத்து, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி, தணிக்கையாளரை அமர்த்தும் வலிமை பெரிய அமைப்புகளுக்கு உண்டு. ஜார்க்கண்டின் பழங்குடிக் கிராமத்திலோ ஒடிசாவின் மலைச்சரிவிலோ பணியாற்றும் சிறிய அமைப்புக்கு அது இல்லை. மொழியும் மக்களும் தெரிந்தது சிறிய அமைப்புக்கே. பெரியது நிதி திரட்ட, சிறியது களப்பணி செய்ய என்றிருந்த பாலத்தை 2020 திருத்தம் துண்டித்துவிட்டது. ஆராய்ச்சியும் இதற்குத் தப்பவில்லை. ஐந்து மாநிலங்களில் ஐந்து அமைப்புகள் சேர்ந்து ஓர் ஆய்வை நடத்த வேண்டுமானால், தலைமை ஏற்கும் அமைப்பு மற்றவற்றுக்கு நிதியைப் பகிர முடியாது. ஒவ்வொன்றும் வெளிநாட்டு நிதியாளருடன் தனித்தனி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். இதில் உள்ள முரண் கூர்மையானது. சிதறிய உதவி வேண்டாம் என்று 2003-இல் முடிவெடுத்த அரசே, 2020-இல் உதவியைச் சிதற வைக்கும் சட்டத்தை இயற்றியிருக்கிறது. இதுவரை 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளின் பதிவு ரத்தாகியிருப்பதும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது.

கொடுக்கும் இடத்தில் இந்தியா

இன்று இந்தியா வாங்கும் நாடு மட்டுமல்ல. 1964-இல் தொடங்கிய தொழில்நுட்பப் பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தில் ஆரம்பித்து, 2012-இல் வெளியுறவு அமைச்சகத்துக்குள் வளர்ச்சிக் கூட்டுறவுக்கெனத் தனி நிர்வாகப் பிரிவு அமைத்தது வரை நீண்ட பயணம் அது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பூடானுக்கு மட்டும் 2,150 கோடி ரூபாயும், நேபாளத்துக்கு 700 கோடி ரூபாயும், மாலத்தீவுக்கு 600 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. இவை தவிர, ஏற்றுமதி இறக்குமதி வங்கி வழியாகக் கடனுதவிகளும் உண்டு. அக்கடனில் வாங்கும் பொருள், சேவைகளில் பொதுவாக 75 சதவீதம் இந்தியாவில் இருந்தே வர வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு காலத்தில் மேலை நாடுகளிடம் இந்தியா குறைகண்ட அதே நிபந்தனை இது.

ஆனால், நல்ல முன்மாதிரியும் இந்தியாவின் கையிலேயே உண்டு. இலங்கையில் போரால் வீடிழந்த தமிழர்களுக்காக 2010-இல் அறிவிக்கப்பட்ட 50 ஆயிரம் வீடுகள் திட்டத்தில், முதல் ஆயிரம் வீடுகள் ஒப்பந்ததாரர் மூலம் கட்டப்பட்டன. 2012 முதல் முறை மாற்றப்பட்டது. பயனாளிகளின் வங்கிக் கணக்கில் வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாகச் செலுத்தப்பட்டது. அவர்களே வீட்டைக் கட்டிக்கொண்டனர். ஐ.நா. குடியிருப்புத் திட்டம், செஞ்சிலுவைச் சங்கம், இலங்கையின் வீடமைப்பு அதிகார சபை முதலியவை பகுதிகளைப் பங்கிட்டு உதவின. வடக்கு, கிழக்கில் சுமார் 46 ஆயிரம் வீடுகள் இவ்வாறு எழுந்தன. பணம் தந்தவர் தில்லி, மேற்பார்வை சர்வதேச அமைப்பு, முடிவெடுத்தது வீட்டுக்காரர். கடிவாளம் உரியவரின் கையில் இருந்ததால் வண்டி ஓடியது.

என்ன செய்யலாம்?

உலக அளவில் உதவி சுருங்கி வருகிறது. பணக்கார நாடுகளின் வளர்ச்சி உதவி 2024-இல் 7.1 சதவீதம் குறைந்து 21,210 கோடி டாலராக இருந்தது என்கிறது பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு. பணம் குறையும்போது ஒத்துழைப்பின் தேவை கூடுகிறது. முன்பு ஐந்து பேர் ஒரே வேலையைச் செய்ததால் வீண் செலவு ஏற்பட்டது. இனி ஒருவரும் செய்யாத வேலைகள் பெருகக்கூடும்.

தில்லி தன்னளவில் செய்யக்கூடியவை சில உண்டு. எந்த மாவட்டத்தில் எந்த வெளிநாட்டு உதவியில் என்ன பணி நடக்கிறது, அது எப்போது முடியும், முடிந்தபின் யார் ஏற்பார் என்பதைப் பொதுமக்களும் காணும் ஒரே பதிவேடாக்கலாம். பதிவு பெற்ற அமைப்புகள் தங்களுக்குள் நிதி பகிர்வதைத் தடை செய்வதற்குப் பதிலாக, ஒவ்வொரு மாற்றத்தையும் கணினி வழியே கண்காணிக்கலாம். பணம் முழுவதும் ஒரே வங்கிக் கிளை வழியாகவே வரும்போது அது கடினமல்ல. பேரிடர் உதவியை எப்போது ஏற்பது, எப்படிப் பகிர்வது என்பதை மாநிலங்களுடன் கலந்து முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அந்த விதி ஆளும் கட்சி எதுவென்று பாராமல் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

பாரீசில் உலகம் ஏற்ற முதல் கொள்கை, திட்டத்தின் உரிமை பெறுபவருக்கே என்பதுதான். வெளிநாடுகளிடம் அந்த உரிமையைப் பல ஆண்டுகளாகத் தில்லி உறுதியுடன் கேட்டுப் பெற்றிருக்கிறது. அதே உரிமையை மாநிலங்களும், கிராமங்களில் பணியாற்றும் சிறு அமைப்புகளும் தில்லியிடம் கேட்கும்போது கிடைக்கும் பதிலில்தான் அந்தக் கொள்கையின் நேர்மை சோதிக்கப்படுகிறது.